விண்ணில் ஒரு சொல்

தமிழாசிரியர் ஒருவர் விமான விபத்து விசாரணை அறிக்கைகளைத் தேடித் தேடிப் படிக்கிறார் என்றால் கேட்பவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். என் வீட்டிலும் சிரித்தார்கள். ஆசிரியர் அறையிலும் சிரித்தார்கள். "நாம் விமானத்தில் ஏறியதே இல்லை; அது விழுவதைப் பற்றி உங்களுக்கு என்ன ஐயா ஆராய்ச்சி?" என்று கணக்காசிரியர் ஒருவர் கேட்டார். "இலக்கண ஆராய்ச்சிதான்" என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. பள்ளி பல்லாவரத்தை அடுத்திருந்தது. மீனம்பாக்கத்தில் எழுந்தும் இறங்கியும் செல்லும் விமானங்கள் எங்கள் ஓட்டுக்கூரைக்கு மேலே தாழ்ந்து பறக்கும். அவை கடந்து போகும்வரை பாடத்தைப் பாதித் தொடரில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் காலை வந்த நாளிதழ்கள், தில்லிக்கு மேற்கே முதல்நாள் மாலை இரண்டு விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்ட செய்தியைத் தாங்கி வந்தன. அன்று வகுப்பில் நன்னூல் கூறும் அறுவகை வினாக்களையும் எண்வகை விடைகளையும் நடத்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே விமானம் ஒன்று சென்றது. வழக்கமாக அந்த அரை நிமிடத்தைச் சிரித்துப் பேசிக் கழிக்கும் மாணவர்கள், அன்று ஒருவர்கூடப் பேசாமல் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த மோதலில் 349 பேர் இறந்தனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களுள் உலகிலேயே மிகக் கொடியது அதுதான். தில்லியிலிருந்து புறப்பட்டு மேலேறிய சவூதி அரேபிய விமானத்திற்கு 14,000 அடி உயரம் வரையறுக்கப்பட்டிருந்தது. எதிரே தில்லியை நோக்கி இறங்கிவந்த கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி. இடையில் ஆயிரம் அடி வெளி இருந்திருக்க வேண்டும். கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தில் நிற்காமல் மேலும் இறங்கியது. அரியானாவின் சர்க்கி தாத்ரிப் பகுதி வயல்களில் இரு விமானங்களும் சிதறி விழுந்தன.

இயந்திரம் பழுதுபட்டதால் நேர்ந்த விபத்து அன்று அது. கட்டுப்பாட்டாளரோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் கசகஸ்தான் விமானத்தை ஓட்டியவர் அல்லர், வானொலியை இயக்கியவர். தரையிலிருந்து எழுந்த சொல் அவர் செவியில் விழுந்து, அவர் வாயிலாகவே விமானிகளைச் சென்றடைய வேண்டியிருந்தது. ஆங்கிலத்தைப் போதிய அளவு விளங்கிக்கொள்ளாமையும், விமானி அறையில் இருந்தோர் தமக்குள் ஒத்திசைந்து செயற்படாமையும் விசாரணையில் சுட்டப்பட்ட காரணங்களுள் இடம்பெற்றன. விடை வழுவின் விலை மதிப்பெண்ணில் ஒன்றோ இரண்டோ குறைவதுதான் என்று நம்பி இலக்கணம் நடத்திவந்த எனக்கு, அதன் விலை இவ்வளவு பெரிதாகவும் இருக்கக்கூடும் என்று காட்டிய நிகழ்ச்சி அது.

அதன்பின் பல மாற்றங்கள் வந்தன. தில்லிக்கு வரும் விமானங்களுக்கும் அங்கிருந்து செல்லும் விமானங்களுக்கும் வழிகள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. எதிரே வரும் விமானத்தை உணர்ந்து எச்சரிக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வானில் பறக்கும் விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. உயரத்தையும் சேர்த்துக் காட்டும் ரேடார் வந்தது. இவை பொறியாளர்களின் பணி. என்னை ஈர்த்தது வேறொன்று. ஐக்கிய நாடுகள் அவையைச் சார்ந்த பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு, பன்னாட்டு வழித்தடங்களில் பணியாற்றும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்தேர்வு ஒன்றை விதித்தது. ஒலிப்பு, தொடரமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுணர்தல், உரையாடல் ஆகிய ஆறு கூறுகளில் அவர்களுடைய திறன் ஆறு நிலைகளாக மதிப்பிடப்படும். நான்காம் நிலையேனும் எட்டாதவர் பன்னாட்டு வானில் பணியாற்ற இயலாது. 2008ஆம் ஆண்டு இது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் அவ்வமைப்பு ஓர் அறிவுரை வைத்திருக்கிறது: உங்கள் ஊர் மரபுத்தொடர்களையும் வட்டார வழக்குகளையும் விட்டுவிட்டு, அயலார்க்கும் விளங்கும்படி மெதுவாகப் பேசுங்கள் என்பதே அது. மொழி கற்பிப்பவன் என்ற முறையில் இந்த அறிவுரையை நான் மிகவும் விரும்பினேன். விளங்கிக்கொள்ளும் பொறுப்பைக் கேட்பவன்மேல் மட்டுமே சுமத்துவது நம்மிடையே பரவலான பழக்கம் அல்லவா?

மூடுபனியில் ஒரு தொடர்

ஒரு சொல் செய்த அழிவை அறிய வேண்டுமானால் இன்னும் பின்னே செல்ல வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கேனரித் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தெனெரீஃப். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் எல்லாம் தெனெரீஃபின் லாஸ் ரோடியோஸ் என்னும் சிறிய நிலையத்திற்குத் திருப்பி விடப்பட்டன. இடம் போதவில்லை. ஓடுபாதைக்குச் செல்லும் இணைபாதை முழுவதும் விமானங்கள் நின்றன. ஆதலால் புறப்பட வேண்டிய விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து சென்று, அதன் மறுமுனையை அடைந்து, திரும்பி நின்று புறப்பட வேண்டிய நிலை. அந்நேரத்தில் மூடுபனி இறங்கியது. கோபுரத்தில் இருந்தவருக்கு விமானங்கள் தெரியவில்லை. ஒரு விமானத்தில் இருந்தவர்களுக்கு மற்றொன்று தெரியவில்லை. தரையில் நகர்வனவற்றைக் காட்டும் ரேடாரும் அங்கு இல்லை. மூவருக்கும் கண் பயன்படாத இடத்தில் எஞ்சியது செவி ஒன்றே.

நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஓடுபாதையின் முனையை அடைந்து திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் மற்றொரு 747 அதே பாதையில் இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புறப்பட்ட பிறகு எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்ற வழிக்குறிப்பைக் கோபுரம் கே.எல்.எம். விமானத்திற்கு வழங்கியது. அது வழிக்குறிப்பு மட்டுமே. புறப்படுவதற்கான இசைவு அன்று. ஆனால் அந்தக் குறிப்பினுள்ளே 'டேக் ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடித்து, "இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருள்பட ஒரு தொடரைச் சேர்த்தார்.

இத்தொடரை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'நாங்கள் புறப்பாட்டில் இருக்கிறோம்.' புறப்படுவதற்கு ஆயத்தமாக நிற்கிறோம் என்பதா, புறப்பட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பதா? இரண்டுக்கும் இடம் தரும் தொடர் இது. தம் தாய்மொழியாகிய டச்சு மொழியின் தொடரமைப்பை அவர் ஆங்கிலத்தில் பெய்து பேசியிருக்கலாம் என்று மொழியியலார் சிலர் கருதுகின்றனர். கோபுரத்தில் இருந்தவர் ஆயத்தமாக நிற்கிறார்கள் என்றே பொருள்கொண்டார். "ஓகே" என்றார். ஓரிரு நொடிகள் கழித்து, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்று சேர்த்தார். அதே நொடியில் பான் ஆம் விமானம், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறி அறிவித்தது. வானொலியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொல்லும் கெட்டுக் கீச்சொலி ஒன்றே எஞ்சும். கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டுமே.

விமானம் ஓடத் தொடங்கியது. அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. அந்தப் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். நன்னூல் வகைப்படி அது ஐயவினா. தலைமை விமானி, விலகிவிட்டது என்று அழுத்தமாக விடை தந்தார். வினா அங்கேயே முடிந்தது. மீண்டும் கேட்கவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தனர். பான் ஆம் விமானத்தில் இருந்தோருள் 61 பேர் மட்டுமே உயிர் பிழைத்தனர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இரு விமானங்கள் மோதி இத்தனை பேர் இறந்தது வேறெங்கும் இல்லை.

பின்னர் வந்த மாற்றம் ஒன்றை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்வேன். 'டேக் ஆஃப்' என்ற சொல், புறப்பட இசைவு வழங்கும்போதோ அந்த இசைவைத் திரும்பப் பெறும்போதோ அன்றி வேறெங்கும் பயன்படுத்தப்படலாகாது. ஏனைய இடங்களில் 'டிபார்ச்சர்' என்ற வேறு சொல்லையே ஆள வேண்டும். 'ஓகே', 'ரோஜர்' என்று சொன்னால் மட்டும் போதாது. இன்றியமையாத கட்டளைகளைக் கேட்டவர் அவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதனைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று சட்டம் போட்டுக் காத்துவரும் துறை இது. வேங்கை என்றால் மரமா, விலங்கா, வேகும் கையா என்று பொதுமொழியைக் கொண்டாடும் நம் வகுப்பறைக்கு நேர் எதிரானது. கவிதைக்கு அழகாவது அங்கே நஞ்சு.

எண்களையும் எழுத்துகளையும் ஒலிப்பதிலும் இந்தக் கவனம் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒன்பதை 'நைனர்' என்பார்கள். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் 'மேடே' என்று மும்முறை சொல்ல வேண்டும். 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 1920களில் உருவான சொல் அது. 1935இல் போயிங் நிறுவனத்தின் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று, காற்றில் அசையாதபடி கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பூட்டியிருந்த பூட்டைத் திறக்காமலே எழுந்ததால் வீழ்ந்தது. அதன்பின் செய்யவேண்டியவற்றை அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் முறை வந்தது. இன்றும் ஒரு விமானி அட்டையை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் ஒவ்வொன்றையும் பார்த்து விடையிறுப்பார். பேசக்கூடாத பொழுதும் உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானிகள் பணிக்குத் தொடர்பில்லாத எதனையும் பேசலாகாது என்று அமெரிக்காவில் 1981இல் விதித்தார்கள். இறங்கும் நேரத்தில் அரசியலும் பிறவும் பேசிக்கொண்டிருந்து விமானத்தைத் தரையில் மோதவிட்டவர்கள் முன்பு இருந்திருக்கிறார்கள்.

பணிவின் விலை

சொல் சரியாக இருந்தும் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? தெனெரீஃப் நிகழ்ச்சியில் என் மனத்தை மிகவும் உறுத்தியது இதுதான். சற்று முன்னர், இசைவு வருமுன்பே விமானத்தை நகர்த்த முயன்ற தலைமை விமானியைத் துணை விமானி ஒருமுறை தடுத்திருந்தார். இரண்டாம் முறை தடுக்கவில்லை. அத்தலைமை விமானி அந்நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே பொறுப்பாளர், பெரும்புகழ் பெற்றவர். ஒரே நாளில், ஒரே மனிதரை, இரண்டாம் முறையும் திருத்துவது எளிதான செயலன்று. உயர் அலுவலர் முன் நின்று பழகிய எவருக்கும் இது தெரியும்.

அடுத்த ஆண்டே, 1978 டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு மேலே யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற ஐயம். தலைமை விமானியின் கவனம் முழுவதும் சக்கரத்திலேயே இருந்தது. எரிபொருள் குறைந்துவருவதைப் பொறியாளரும் துணை விமானியும் அறிந்திருந்தனர். குறிப்பாகச் சொல்லவும் செய்தனர். அச்சொல் தலைமை விமானியின் கவனத்தை அசைக்கவில்லை. எரிபொருள் தீர்ந்து, விமானம் நகரின் புறப்பகுதியில் வீழ்ந்து பத்துப் பேர் இறந்தனர். 1990 சனவரியில் நியூயார்க்கை நெருங்கிய கொலம்பிய நாட்டு விமானமும் அவ்வாறே எரிபொருளின்றி வீழ்ந்தது. 73 பேர் மாண்டனர். நெருக்கடி என்று அறிவிக்கும்படி தலைமை விமானி தம் மொழியில் சொல்லியும், வானொலியில் பேசிய துணை விமானி 'எமர்ஜென்சி' என்ற சொல்லை ஆளவே இல்லை. 'பிரையாரிட்டி' என்றார், முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். பரபரப்பான அந்நிலையத்தின் கட்டுப்பாட்டாளர்களுக்கு அது உயிர் போகும் செய்தியாக ஒலிக்கவில்லை. நன்னூலார் வகுத்த எண்வகை விடையுள் உற்றது உரைத்தலும் ஒன்று. நேர்ந்ததை உரைப்பதற்கும் நேர்ந்ததைத் தணித்து உரைப்பதற்கும் இடையே உள்ள தொலைவை அந்த 73 உயிர்களைக் கொண்டு அளக்க நேர்ந்தது.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 2010 மே 22ஆம் நாள் விடியலில் துபாயிலிருந்து மங்களூரு வந்த விமானம், குன்றின் உச்சியில் அமைந்த ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. 166 பேரில் எட்டுப் பேரே பிழைத்தனர். பயணத்தின் பெரும்பகுதி தலைமை விமானி உறங்கியிருந்தார் என்பதை ஒலிப்பதிவுக் கருவி காட்டிக்கொடுத்தது. விமானம் வேண்டிய அளவைவிட உயரத்தில் வந்துகொண்டிருந்தது. இறங்க வேண்டாம், மீண்டும் மேலெழும்புவோம் என்று துணை விமானி மும்முறை சொன்னதாக விசாரணை அறிக்கை குறிப்பிடுகிறது. கருவியின் எச்சரிக்கையும் ஒலித்துக்கொண்டே இருந்தது. இங்கே சொல்ல வேண்டியவர் சொல்லியும் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மேல்நிலை வகுப்பில் ஒருமுறை இப்படி ஒரு பயிற்சி கொடுத்தேன். இரவுப் பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஓட்டுநர் கண் அயர்கிறார். என்ன சொல்வீர்கள் என்பதை எழுதுக. பெரும்பாலானோர் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: "அண்ணா, எங்கேயாவது தேநீர் குடிக்கலாமா?" எனக்கு நம் பண்பாட்டின் அழகும் ஆபத்தும் ஒருசேரத் தெரிந்தன. பெரியவரைக் கடிந்து பேசாமல், அவருடைய மானத்தைக் காத்து, குறிப்பால் உணர்த்தும் பாங்கு அது. ஒரு மாணவி மட்டும், "அண்ணா, உங்களுக்குத் தூக்கம் வருகிறது. வண்டியை இப்போதே ஓரமாக நிறுத்துங்கள்" என்று எழுதியிருந்தாள். அதை எழுந்து உரக்கப் படிக்கச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவளுடைய விடையிலும் 'அண்ணா' இருக்கிறது, 'நிறுத்துங்கள்' இருக்கிறது, மரியாதை எங்கும் குறையவில்லை என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

விமானத்துறை இதனைப் பயிற்சியாகவே ஆக்கிக்கொண்டது. போர்ட்லாந்து விபத்திற்குப் பிறகு, 1979இல் நாசா நிறுவனம் இதற்கெனக் கருத்தரங்கம் கூட்டியது. 1981 முதல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இப்பயிற்சியை அளிக்கத் தொடங்கியது. இன்று உலகெங்கும் அது வழக்கம். இளையவர் எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதற்கு அவர்கள் கற்பிக்கும் ஒரு முறை இது: மூத்தவரை விளித்துக் கவனத்தை ஈர், உன் கவலையைச் சொல், சிக்கலை உள்ளவாறே சொல், தீர்வைச் சொல், அவருடைய இசைவைக் கேள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஐயா, எரிபொருளை எண்ணிக் கவலையாக இருக்கிறது. இன்னும் பதினைந்து நிமிடங்களுக்கே உள்ளது. இப்போதே தரையிறங்குவோம். தங்களுக்கு உடன்பாடுதானே?" இதில் பணிவின்மை எங்கே இருக்கிறது? பாண்டியன் அறிவுடை நம்பியின் அவைக்குச் சென்று, வரி திரட்டும் முறை தவறானால் நாடு என்ன ஆகும் என்று பிசிராந்தையார் எடுத்துச் சொன்னதைப் புறநானூற்றில் படித்திருக்கிறீர்கள். அரசனுக்கு அவ்வாறு அறிவுறுத்தும் துறைக்குச் செவியறிவுறூஉ என்று பெயர். வாயை அன்று, செவியை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இந்த அறிக்கைகளைப் படித்த பின்னரே உறைத்தது.

ஏனெனில் இப்பயிற்சியின் கடினமான பாதி மூத்தவர்க்கு உரியது. 1989 சூலை 19ஆம் நாள், அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் ஒன்று வால்பகுதி இயந்திரம் சிதறியதால் கட்டுப்பாட்டு உறுப்புகளை இயக்கும் திரவ அழுத்தம் முழுவதையும் இழந்தது. திருப்பவோ ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், தம் இரு துணைவர்களோடு, பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரையும் அறைக்குள் அழைத்துக்கொண்டார். அவர் தரையில் மண்டியிட்டு, எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பினார். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் அது தரையைத் தொட்டபோது உடைந்து எரிந்தது. 112 பேர் இறந்தனர். ஆனால் 184 பேர் பிழைத்தனர். தலைமை விமானி சொல்வதே முடிவு என்று தாம் பழகியிருந்த காலத்தில் இது நடந்திருந்தால் பிழைத்திருக்க இயலாது என்ற கருத்தை ஹெய்ன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் வெளியிட்டார். அந்த நால்வரில் ஒருவருக்கும் இத்தகைய பழுதில் முன் பட்டறிவு இல்லை. அதனாலேயே எல்லார் சொல்லும் தேவைப்பட்டது.

யார், எப்படி

1974 டிசம்பர் 1ஆம் நாள், டி.டபிள்யூ.ஏ. நிறுவன விமானம் வாஷிங்டனை நெருங்கும்போது வர்ஜீனியாவின் மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தனர். அங்கும் காரணம் ஒரு தொடர்தான். இறங்குமுறையைத் தொடங்கலாம் என்று தரையிலிருந்து இசைவு வந்தது. உடனே தாழ்ந்த உயரத்திற்கு இறங்கலாம் என்று விமானிகள் பொருள்கொண்டனர். இடையில் மலை இருந்தது. விசாரித்தபோது வெளிப்பட்ட செய்தி இன்னும் வேதனையானது. ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவன விமானமும் அதே தொடரை அவ்வாறே பொருள்கொண்டு, அதே மலையில் மோதாமல் தப்பியிருந்தது. அவ்விமானிகள் தம் நிறுவனத்திடம் அறிவித்தனர். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த நிறுவனத்தின் காதுக்கு அது எட்டவில்லை.

இதன் விளைவாக 1976இல் ஓர் அமைப்பு உருவானது. பணியில் நேர்ந்த பிழையை, தப்பிய ஆபத்தை, விமானியோ கட்டுப்பாட்டாளரோ பணியாளரோ யாராயினும் எழுதி அனுப்பலாம். அதனைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையன்று, நாசா. எழுதியவரின் பெயரும் அடையாளமும் நீக்கப்படும். குறித்த நாளுக்குள் அறிவித்தவர்க்குத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. வேண்டுமென்றே செய்த குற்றத்திற்கும் உண்மையில் நேர்ந்துவிட்ட விபத்திற்கும் அந்த விலக்கு இல்லை. இவ்வாறு வந்த இலட்சக்கணக்கான மடல்களிலிருந்து தேர்ந்தவற்றை மாதந்தோறும் சிற்றிதழாக வெளியிடுகிறார்கள். வேறு பல நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின. நம் அலுவலகங்களில் ஏதேனும் பிசகினால் முதலில் எழும் வினா 'யார்?' என்பது. இவர்கள் 'எப்படி?' என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். 'யார்?' என்ற வினாவிற்கு ஒரு பெயர் கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். மலையும் அந்தத் தொடரும் அங்கேயே இருக்கும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இன்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகப் பணியாற்றுகிறார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டிற்கு வருவார். அவருடைய வேலையில் எது கடினம் என்று ஒருமுறை கேட்டேன். "சொல்வது கடினமில்லை ஐயா. அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்பதுதான் கடினம். நாம் எதிர்பார்க்கும் விடையைக் காது தானாகவே கேட்டுவிடும்" என்றார். ஒரு மழைநாள் இரவு நடந்ததைச் சொன்னார். வானில் இருந்த இரண்டு விமானங்களின் எண்கள் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிப்பவை. கடைசி இரு இலக்கங்கள் மட்டும் இடம் மாறியவை. ஒன்றை இறங்கச் சொன்னார். உயரம் சரியாகவே திரும்பி வந்தது. ஆனால் குரல் வேறு. மற்ற விமானத்தின் விமானி அக்கட்டளையைத் தமக்கு உரியதாகக் கொண்டு திருப்பிச் சொல்லியிருந்தார். இவர் உடனே நிறுத்தி, இருவரையும் எண் சொல்லி அழைத்துத் தனித்தனியே கட்டளையிட்டார். இரண்டு விமானங்களும் நல்லபடியாக இறங்கின. பணி முடிந்து வீட்டிற்குச் செல்லுமுன் அதனை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்.

"அதுதான் ஒன்றும் நடக்கவில்லையே. பிறகு எதற்கு அறிக்கை?" என்றேன்.

"நாளைக்கும் அதே நேரத்தில் அதே இரண்டு எண்களும் வருமே, ஐயா" என்றார்.

சில வாரங்களில் அவற்றுள் ஒரு விமானத்தின் எண் மாற்றப்பட்டது. பயணிகள் தங்கள் பயணச்சீட்டில் வேறோர் எண் அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பார்கள். பெரும்பாலோர் அதையும் கவனித்திருக்க மாட்டார்கள்.